மூன்று வெற்றுச் சீட்டுகள்

டிசம்பர் 2

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினான்கு பக்க ஒப்பந்தம். முப்பத்தோரு வருடம் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கால் சீட்டையும் இரண்டு முறை சரிபார்த்த இந்தச் சுகிர்தம், தன் சொந்த விஷயத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். "படிச்சுப் பாருங்க பெரிம்மா, அவசரமில்ல" என்றுதான் தென்னவன் சொன்னான். பெரிம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவனை எதிரே உட்காரவைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது? கூச்சமாக இருந்தது.

ஆக, ஜனவரி 18. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாகக் கட்டிய அரங்கம். நான் இசையமைத்த "துக்க வீடு" நாற்பது வருடம் கழித்து மேடை ஏறுகிறது. விழாவின் பொறுப்பாளர் தென்னவன்தான். ஆராய்ச்சிக்காக ஏதோ பழைய தொழிற்சங்க மலரைப் புரட்டியவன் அதில் என் பெயரைப் பார்த்து, விசாரித்து விசாரித்து, ஆகஸ்டில் அயனாவரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினான். நாற்பது வயதிருக்கும். கடலூர்ப் பக்கம், நம் ஜனம்.

கேஸ் வந்தது. சிலிண்டர் போடுகிற ஆள் மாடிக்குத் தூக்கிவர மூக்கால் அழுதான்.

டிசம்பர் 4

விழா மலருக்கு என் இசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். நாலு தாள் கிழித்துப் போட்டாயிற்று.

எழுதத்தான் என்ன இருக்கிறது? ஒரு சாவு வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும், அதெல்லாம் அதில் இருக்கிறது. வாசல் கூட்டுவது, பெஞ்சை இழுத்துப் போடுவது, குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் மாற்றுவது, சேதி சொல்ல வந்தவன் சைக்கிள் ஸ்டாண்டு போடுவது, காப்பி டம்ளர்கள், ஒப்பாரி தொடங்குவதற்கு முன் பெண்கள் இழுத்துக்கொள்கிற மூச்சு. எட்டுப் பெண்கள், ஒரு ஆர்மோனியம். எந்தச் சத்தம் எத்தனை வினாடி என்று கணக்காக எழுதியிருக்கிறேன். எழுதியது எல்லாம் வீணாய்ப்போன வெளியூர் டிரங்க் கால் சீட்டுகளின் பின்பக்கத்தில். ஒரு கால் மூன்று நிமிடம், ஆகவே ஒரு சீட்டு மூன்று நிமிடம். மொத்தம் பதினாறு சீட்டு.

சாவு மேளம் மட்டும் இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று சீட்டுகளும் வெற்றுச் சீட்டுகள். அந்த ஒன்பது நிமிடமும் எட்டுப் பெண்களும் கைகளைத் தொங்கவிட்டுச் சும்மா நிற்க வேண்டும்.

1984இல் தொழிற்சங்கக் கட்டடத்தில் ஒரே ஒரு முறை நடந்தது. ராகம் எங்கே என்றார்கள் சபாக்காரர்கள். ஏசு எங்கே என்றார் எங்கள் சர்ச் பாடகர் குழுத் தலைவர். கோஷம் எங்கே என்றார்கள் தோழர்கள். நடுவில் மூன்று பக்கம் தொலைந்துபோய்விட்டதா என்று எக்ஸ்சேஞ்சில் பக்கத்து இருக்கை ஹேமலதா பரிதாபமாகக் கேட்டாள். "இல்ல, சும்மா ரெஸ்ட்டு" என்றேன். அதற்குப் பிறகும் பன்னிரண்டு எழுதினேன். ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை.

டிசம்பர் 9

இன்று தென்னவனிடம் சொல்லிவிட்டேன். அந்த மூன்று சீட்டுகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்று இதற்கு முன் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவன் ஒவ்வொரு முறையும் கேட்பான், நான் டீ போட எழுந்துவிடுவேன். இன்று பால் திரிந்துபோயிருந்தது.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குத் தெற்கே. அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் நைனாதான் மேளம் அடிக்கவேண்டும். கேட்டுக்கொண்டெல்லாம் வரமாட்டார்கள், ஆள் அனுப்புவார்கள். 1971இல் பெரிய வீட்டில், அதாவது ஊர்ப் பண்ணைக்காரர் வீட்டில், சாவு. அன்றைக்கு நைனா அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது நான் மிஷன் ஆஸ்டலில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஊர் சர்ச் உபதேசியாரை எழுதச் சொல்லி நைனா எனக்குக் கடிதம் போட்டார். ஆஸ்டலில் எங்களுக்கு வருகிற கடிதங்களை சிஸ்டர்கள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அதைப் பற்றி இப்போது என்ன.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "பெரிய வீட்டு வாசலில் கையைத் தொங்கப்போட்டு நின்றேன். அடிக்கவில்லை. மேளத்தை ஏரியில் போட்டுவிட்டேன். நீ நன்றாகப் படி." அதன் பிறகு எங்கள் காலனிக்கு ஊரில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது என்று மாதக்கணக்கில் நடந்தது.

கேட்டு முடித்ததும் தென்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மலரில் போடலாமா என்றான். கூடாது என்றேன். ஏன் என்றான். சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினான்.

எக்ஸ்சேஞ்சில் என் அப்பா சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையாக இருந்தார் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அது வேறு விஷயம். இதில் சேர்த்து எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் 10

நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 17

ஒத்திகை. எட்டுப் பெண்களும் நல்ல பிள்ளைகள். பெஞ்சு இழுக்கிற கஸ்தூரிக்கு மட்டும் ஒன்பது நிமிடம் நின்றால் சிரிப்பு வந்துவிடுகிறது. "சிரிப்பு வந்தா சிரிச்சிடு, ஆனா கைய மேல தூக்காத" என்றேன். மூன்றாம் முறை சிரிக்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் எல்லோர் முகமும் மாறிவிட்டது. மேளம் வரும் வரும் என்று காது எதிர்பார்த்து எதிர்பார்த்து, வராமலே போகிறது. இதைத்தான் எழுதினேன். நாற்பது வருடத்தில் முதல்முறையாக என் காதால் கேட்டேன். நான் எழுதியது சரிதான்.

ஒன்பது நிமிடம் ஜனங்கள் பொறுக்கமாட்டார்கள், போனை எடுத்துவிடுவார்கள் என்றான் தென்னவன். எடுக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 25

காலை ஆராதனைக்குப் போய்வந்தேன். கேக் வாங்கவில்லை, சர்க்கரை ஏறிக்கிடக்கிறது.

தம்பி ஏசுபாதம் ஊரிலிருந்து பேசினான். வருடா வருடம் "எப்பக்கா வருவ?" என்று கேட்பான், நானும் முழங்காலைச் சொல்லித் தட்டிக்கழிப்பேன். இந்த முறை அதைக் கேட்கவில்லை. "பதினெட்டாந்தேதி நீ அங்கதானக்கா இருப்ப?" என்றான். இருப்பேன் என்றேன். சரிக்கா சரிக்கா என்று வைத்துவிட்டான். அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. வாட்ஸப்பில் பார்த்திருப்பான்.

ஜனவரி 4

அழைப்பிதழ் வந்தது. நல்ல கெட்டித் தாள்.

"துக்க வீடு: பறையின் மீள்வரவு" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே: "பறையிசைக் குடும்பத்தின் மகள் சுகிர்தம் படைப்பு. தந்தை துறந்த பறை, அரை நூற்றாண்டுக்குப் பின் மகளின் மேடையில் முழங்குகிறது. ஒன்பது நிமிடப் பறையாட்டம்."

உட்கார்ந்து படித்தேன், எழுந்து நின்று படித்தேன். பிறகு தென்னவனைக் கூப்பிட்டேன்.

"சத்தியம் பண்ணியே."

"மலர்ல போடமாட்டேன்னுதான் பெரிம்மா சத்தியம் பண்ணேன். மலர்ல ஒரு வரி இல்ல."

"அழைப்புல போட்டிருக்க."

"பெரிம்மா, கோவப்படாம கேளுங்க. உங்க அப்பா அடிக்கமாட்டேன்னு சொன்னது அவங்களுக்கு. இன்னிக்கு நாம அடிக்கிறது நமக்காக. பறையத் தொட்டா கேவலம்னு நெனச்ச காலமெல்லாம் போச்சு. நம்ம புள்ளைங்க மெடிக்கல் காலேஜ்ல அடிச்சு ஆடுதுங்க. அந்த எடத்த வெறுமனே வுட்டா, வந்தவங்களுக்கு என்ன புரியும்?"

"கேவலம்னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க எதையுமே சொல்லலையே. நாப்பது வருஷமா நீங்க யாருன்னே யார்கிட்டயும் சொல்லலையே பெரிம்மா."

அத்துடன் லைன் கட்டாகிவிட்டது. நான் கட் பண்ணவில்லை.

ஜனவரி 5

ஒப்பந்தத்தை இன்றுதான் படித்தேன். ஒன்பதாவது பக்கம், பதினேழாவது பிரிவு: "மேடைத் தேவையை ஒட்டிய சேர்க்கைகளும் மாற்றங்களும் விழாக்குழுவின் உரிமை." என் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம். அப்போதும் நிகழ்ச்சி நடக்கும்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். என் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, கிழிந்ததை எல்லாம் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தவன் அவன்தான். என் இசையை யாரும் கேட்காமல் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அன்று ராகம் எங்கே, ஏசு எங்கே, கோஷம் எங்கே என்றார்கள். இன்று என் சொந்த ஜனம் பறை எங்கே என்கிறது. இருப்பதைக் கேட்க ஒருத்தரும் வரவில்லை.

ஜனவரி 11

முழு ஒத்திகை. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். என் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு கடிதம் எழுதி பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அரங்கத்து கேட்டில் இறங்கும்போதே வைக்கோல் புகை வாசனை. கார் நிறுத்துகிற இடத்தில் ஏழெட்டு ஆண்கள் வட்டமாக நின்று மேளத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏ.சி.யில் தோல் தொய்ந்துவிடும், அதனால் உள்ளே போகுமுன் காய்ச்சியே ஆகவேண்டும். இங்கெல்லாம் நெருப்பு மூட்டக்கூடாது என்று காவலாளி கத்திக்கொண்டிருந்தான். குனிந்து வைக்கோலைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஏசுபாதம்.

"வாக்கா" என்றான். சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அவன் கையிலிருந்த மேளத்தின் சட்டத்தில் ஒரு பக்கம் ஈயத் தகடு அடித்து ஒட்டுப்போட்டிருந்தது. அந்த ஒட்டைப் போட்டபோது நைனாவுக்குப் பக்கத்தில் ஆணி எடுத்துக் கொடுத்தவள் நான்.

"இது ஏரில இல்ல இருக்கணும்?"

"எந்த ஏரில?"

"நைனா ஏரில போட்டுட்டேன்னு எழுதிச்சு."

ஏசுபாதம் மற்றவர்களை உள்ளே போகச் சொன்னான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பரண் மேல இருந்துச்சுக்கா. மூணு வருஷம். அப்பறம் நைனா அடிச்சிச்சு. நீ பி.யூ.சி. சேந்தியே, அந்த வருசம். களையெடுக்கக்கூட எவனும் கூப்புடல, இன்னா பண்ணும் அது?"

"அதே பெரிய வீட்டுக்கா?"

"எல்லா வீட்டுக்குந்தான்."

"எனக்கு ஏன்டா யாரும் சொல்லல?"

"சொன்னா நீ படிப்ப வுட்டுட்டு வந்துடுவியாம். அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிச்சு. நைனா போனப்பறம் நான் அடிச்சேன். முப்பது வருசம். ஊருக்கு வந்திருந்தீன்னா பாத்திருப்ப."

நின்றிருந்த ஒரு பைக்கைப் பிடித்துக்கொண்டேன். நான் எழுதிய பதின்மூன்று இசைகளும் ஏரிக்குள் கிடக்கிற அந்த மேளத்தின் மேல்தான் நிற்கின்றன. ஏரியில் மேளமே இல்லை. காலனியில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

"நீயாவது இங்க வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

"எதுக்குக்கா சொல்லணும்?" அவனுக்கும் குரல் ஏறிவிட்டது. "முப்பது வருசத்துல ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. சாராயத்த ஊத்திக் குடுத்து, அடிடான்னுவான். நின்னா, ஏன்டா நிக்கிறன்னுவான். இங்க வந்தா ஐயாங்குறாங்க, நாற்காலி போடுறாங்க. கட்டையில போறதுக்குள்ள ஒரு தடவ இப்புடி அடிச்சிட்டுப் போறேன், வுடுக்கா. நீ அடிக்காம இருந்ததுல ஒனக்குப் பேரு. நாங்க அடிச்சிதான சோறு தின்னோம்?"

கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஒத்திகையும் பார்க்கவில்லை. அதே ஆட்டோவில் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 13

போகி. விடியற்காலையிலிருந்து தெருப் பிள்ளைகள் பொம்மை மேளம் வாங்கி அடித்துத் தள்ளுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஜனவரி 15

தென்னவன் கரும்பும் பொங்கல் பானையும் கொண்டுவந்து வாசலில் நின்றான். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனும் போகவில்லை. பால்காரர் வந்து இருவருக்கும் நடுவில் கையை நீட்டிப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏசுபாதம் அண்ணன வரவேணாம்னு சொல்லிடவா பெரிம்மா? நீங்க சொன்னா சொல்லிடறேன்."

இதை என் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறான். என் தம்பியை மேடையிலிருந்து இறக்குகிறவள் நானாக இருக்கவேண்டும். கெட்டிக்காரன்.

"நீயே வரச் சொன்ன, நீயே பாத்துக்க" என்றேன். கரும்பை எடுத்துக்கொண்டேன், பானையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 19

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். முதல் எட்டுச் சீட்டுகளும் எழுதியபடியே போயின. கஸ்தூரி பெஞ்சை இழுத்தபோது எனக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். எட்டாவது சீட்டு முடிந்தது. பெண்கள் எட்டுப் பேரும் கைகளைத் தொங்கவிட்டார்கள். சத்தமில்லை. பன்னிரண்டு வினாடி. எண்ணினேன்.

ஏசுபாதம் அடித்துக்கொண்டு வந்தான்.

நன்றாகத்தான் அடித்தான். அதை எழுதாவிட்டால் நான் மனுஷி இல்லை. அறுபத்திரண்டு வயதில் குனிந்தும் சுழன்றும், வேட்டி நுனி பறக்க. நைனாவின் அடிதான், எனக்குத் தெரியாதா. மூன்றாவது நிமிடத்தில் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் ஆடினார்கள். நடுவே மாட்டிக்கொண்ட எட்டுப் பெண்களும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, கடைசியில் அவர்களும் தட்டினார்கள். மீதி ஐந்து சீட்டுகள் எப்படிப் போயின என்று யாருக்கும் தெரியாது. டம்ளர் சத்தம் என் காதுக்கே எட்டவில்லை.

பிறகு தென்னவன் மைக்கில் என் பெயரைச் சொன்னான். நான் யாருடைய மகள் என்றும் சொன்னான். ஐம்பது வருடமாக நான் வாய் திறந்து சொல்லாத எங்கள் சாதிப் பெயரை ஐந்நூறு பேர் முன்னால் சொன்னான், எல்லோரும் அதற்கும் கைதட்டினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆஸ்டல் சாப்பாட்டறையில் என் பக்கத்திலிருந்து எழுந்துபோன பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் இப்போது அறுபத்தேழு வயதிருக்கும், எங்கேயாவது இப்படிக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

மேடை ஏறினேன். மைக்கை நீட்டினார்கள், வாங்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்றேன்.

முதலில் தட்டினார்கள். பிறகு அமைதியானார்கள். இரண்டு நிமிடம் ஆனதும் இருமல். மூன்றாவது நிமிடம் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை. பின் வரிசைகளில் எழுந்து போகத் தொடங்கினார்கள். "போதும் பெரிம்மா, புரிஞ்சிடுச்சு" என்று தென்னவன் காதருகில் சொன்னான். அவன் முகம் செத்துப்போயிருந்தது. ஆறாவது நிமிடத்தில் யாரோ திரையை இறக்கிவிட்டார்கள். மீதி மூன்று நிமிடத்தைத் திரைக்கு உள்ளேயே நின்று முடித்தேன். பெஞ்சுகளை எடுத்துப்போக வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏசுபாதம் ஓரமாக மேளத்தோடு நின்று கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 20

பேப்பரில் வந்திருக்கிறது. "தந்தையின் பறை முழங்கக் கேட்ட மூத்த இசைக்கலைஞர் சுகிர்தம், உணர்ச்சிப் பெருக்கில் பேச வார்த்தையின்றி ஆறு நிமிடம் கண்கலங்கி நின்றது அனைவரையும் நெகிழவைத்தது." நான் கண்கலங்கவில்லை. வெளிநாட்டு விழா ஒன்று அந்த ஒன்பது நிமிடப் பறையாட்டத்தை மட்டும் கேட்கிறதாம், தென்னவன் செய்தி அனுப்பியிருக்கிறான். மற்றதெல்லாம் வேண்டாமாம்.

பதினோரு மணிக்கு ஏசுபாதம் பேசினான். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டானாம். விழாவில் போர்த்திய சால்வையைப் பெண்டாட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். பிறகு கேட்டான்.

"மேடையில அப்புடி நின்னியே, எதுக்குக்கா?"

"நைனா நின்ன மாதிரி நின்னேன்."

"நைனா அப்புடி நிக்கலக்கா."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் கூடத்தான் இருந்தேன், ஒம்போது வயசு. பெரிய வீட்டு வாசல்ல நைனா கும்புட்டுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு கையும் சேத்து, மாருக்கு நேரா. 'வேணாம் சாமி, என்ன வுட்டுடுங்க சாமி'ன்னு அதையே சொல்லிக்கினு இருந்துச்சு. அடிச்சாங்க. மூஞ்சியெல்லாம் ரத்தம். கும்புட்ட கையப் பிரிக்கவே இல்ல. குச்சிய கையில திணிச்சுப் பாத்தாங்க, பிரிச்சாதான திணிக்க முடியும்? அதுதான்க்கா நடந்துச்சு."

"கடிதத்துல..."

"உபதேசியார் மொதல்ல அப்புடியேதான் எழுதனாரு. நைனாதான் கிழிக்கச் சொல்லிச்சு. பொண்ணு நாலு பேரு எதுர்ல படிக்கும், கையத் தொங்கப்போட்டு நின்னேன்னு எழுதுங்கய்யான்னுச்சு."

சாப்பிடவில்லை. தென்னவன், ஏசுபாதம், இப்போது நைனா. மூன்று பேரும் என் மேல் பிரியத்தில்தான் செய்தார்கள். அதனால் கோபம் பாதியாகக் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை. ஐம்பத்து மூன்று வருடம் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வினாடிக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

மாலையில் சீட்டுகளை எடுத்தேன். எட்டாவது சீட்டின் அடியில் என் இருபத்தேழு வயதுக் கையெழுத்து: "இங்கிருந்து ஒன்பது நிமிடம், கைகளைத் தொங்கவிட்டு நிற்கவும்." பேனாவைத் திறந்து அந்த வரியின் மேல் வைத்துவிட்டேன். கும்பிட்டபடி நிற்கவும் என்று மாற்றினால் அது உண்மையாக இருக்கும். எட்டுப் பெண்கள் கும்பிட்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிஸ்டர்கள் பிரித்த கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஆஸ்டல் வராந்தாவில் நின்றவளையும் நினைத்துப் பார்த்தேன்.

பேனாவை மூடிவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றப் போவதில்லை. நைனா எந்தக் கையைப் பிரிக்கவில்லையோ அந்தக் கையைத்தான் தொங்கவிட்டதாக எழுதச் சொன்னார். இனி எவர் நின்றாலும் அவர் எழுதச் சொன்னபடி நிற்கட்டும். அவர் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது.